அணைக்கக் கூடாத கல்யாணப் பத்திரிகை

நொச்சிக்கரையில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் பந்தல் போடுவதும் பாத்திரம் கொடுப்பதும் நாலு பங்காளிகள்தான். மூத்தவர் சொரிமுத்து, அடுத்தவர் கோமதிநாயகம், அவருக்கும் இளையவர் பலவேசம், கடைக்குட்டி ஆவுடையப்பன். பெரியப்பா சித்தப்பா மக்கள். சாமியானா, நாற்காலி, அண்டா, அதையெல்லாம் ஏற்றிப்போகும் குட்டியானை வண்டி, எல்லாமே பொதுச்சொத்து. மூளையும் அப்படித்தான், பாகம் பிரிக்காமல் பொதுவில் கிடந்தது. பொதுவில் கிடப்பதை ஒருத்தன் மட்டும் எடுத்துப் புழங்கினால் மற்றவர் மனசு என்ன பாடுபடும்? அதனால் நாலு பேருமே அதைத் தொட்டதில்லை.

ஆவுடையப்பனுக்கு ஒரே மகள் உலகம்மை. அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது நல்ல இடம்தான். மாப்பிள்ளையின் அப்பா குற்றாலலிங்கம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்ட கையோடு ஒரு வார்த்தை சொன்னார்.

“சம்பந்தி, முகூர்த்தம் காலைல ஒன்பதுல இருந்து பத்தரை. பத்திரிகையில போட்ட நேரம்தான் நேரம். அது தவறிச்சுன்னா என் மகனைக் கூட்டிட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன். ஆயுசு பூரா பச்சைக்கொடி ஆட்டுனவன் நான்.”

அன்றைக்குப் போன தூக்கம் ஆவுடையப்பனுக்குத் திரும்ப வரவில்லை. கல்யாணம் ஆவணி முதல் வாரத்தில். பத்திரிகையில் ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது. அச்சகத்தை நம்பி மேட்டரைக் கொடுக்கவும் பயம். ஏனென்றால் சொரிமுத்து மகள் கல்யாணப் பத்திரிகையில் கோமதிநாயகத்தின் பேர் விட்டுப்போனது. அந்தக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவரே கோமதிநாயகம்தான். தான் போட்ட பந்தலுக்குள் தானே காலை வைக்காமல், கல்யாணம் முடிகிறவரை வெளியே வெயிலில் நின்று முறைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அந்த வம்பே வேண்டாம், பந்தல் கடைக் கம்ப்யூட்டரில் என் கையாலேயே அடிக்கிறேன் என்று ஆவுடையப்பன் முடிவுகட்டினார்.

முடிவுகட்டிய மறுநாள் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டது. தென்காசியிலிருந்து கம்ப்யூட்டர் கடை ஜெபக்குமார் வந்து பார்த்தான்.

“அண்ணாச்சி, பழைய மெஷின். பேசாம விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுருவோம். அதுல பல வகை இருக்கு. டெபியன், உபுண்டு, மிண்ட், ஃபெடோரான்னு நாலை நாலு பென் டிரைவ்ல போட்டுத் தாரேன். இன்ஸ்டால் பண்ணாமலே சும்மா சொருகி ஓட்டிப் பாக்கலாம். எது பிடிச்சிருக்கோ சொல்லுங்க, வந்து நிரந்தரமா உள்ள வச்சிருதேன். ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. பென் டிரைவ்ல ஓடுறப்ப மெஷினை அணைச்சா, நீங்க செஞ்ச வேலை அத்தனையும் போயிரும்.”

சொரிமுத்து நாலு பென் டிரைவையும் உள்ளங்கையில் வைத்து ஏற இறங்கப் பார்த்தார். மாப்பிள்ளை பார்த்துப் பழகிய கண் அது.

“இவங்களுக்குப் பூர்வீகம் எதுப்பா?”

“டெபியன்ல இருந்து வந்தது உபுண்டு அண்ணாச்சி. உபுண்டுல இருந்து வந்தது மிண்ட். ஃபெடோரா வேற குடும்பம்,” என்று சொல்லிவிட்டு ஜெபக்குமார் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான். பாவம், நல்ல பையன். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னதுதான் அவன் செய்த தப்பு.

நாலு பேரும் கவிழ்த்துப்போட்ட அண்டாக்களின் மேல் உட்கார்ந்து யோசித்தார்கள்.

“அப்ப டெபியன் தாத்தா, உபுண்டு மகன், மிண்ட் பேரன்,” என்றார் கோமதிநாயகம். “மூணு பேரும் ஒரே வகையறா. நம்மள மாதிரி.”

“பேரன் நல்லாருக்கான்னு அவனை மட்டும் வேலைக்குக் கூப்பிட்டா தாத்தாவுக்கு எப்படி இருக்கும்?” என்றார் பலவேசம்.

“பந்தலுக்கு வெளிய நின்ன மாதிரி இருக்கும்,” என்றார் கோமதிநாயகம். அனுபவப்பட்டவர் சொன்னதால் மற்றவர்கள் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே எழவில்லை. குலதெய்வம் கோயில் கொடையை முறை வைத்துச் செய்வதுபோல, வயசுப்படி தாத்தா முதலில், மகன் அடுத்து, பேரன் பிறகு என்று முறை போட்டார்கள். ஃபெடோரா விஷயம்தான் கொஞ்சம் சிக்கல்.

“அவர் வேற குடும்பம்லா,” என்றார் ஆவுடையப்பன். “வேற குடும்பம்னா நமக்குச் சம்பந்தி முறை.”

“சம்பந்திகிட்ட வேலை வாங்கலாமா?”

“சேச்சே!”

ஃபெடோராவைத் தாம்பாளத்தில் வெற்றிலை விரித்து அதன்மேல் உட்காரவைத்தார்கள். தினமும் காலையில் ஒரு டம்ளர் காப்பியும் பக்கத்தில் வைக்கப்பட்டது.

“அப்ப தாத்தாவை இன்ஸ்டால் பண்ணச் சொல்லி ஜெபக்குமாரைக் கூப்பிடவா?” என்று கேட்டார் பலவேசம்.

“இன்ஸ்டால்னா என்னலே?”

“நிரந்தரமா உள்ள குடிவைக்கிறது.”

சொரிமுத்து தலையில் கைவைத்துக்கொண்டார். “ஏலே, இது ஆடி மாசம்! ஆடியில எவனாவது குடியேறுவானா? விளங்குமா? ஆவணி பிறக்கட்டும், நாள் பார்த்துப் பால் காய்ச்சி வைப்போம். அதுவரைக்கும் வந்து போறவங்களா இருந்துட்டுப் போகட்டும்.”

மற்ற மூவரும் அண்ணாச்சி மட்டும் இல்லையென்றால் நம் கதி என்னாகியிருக்கும் என்று நினைத்து நெஞ்சுருகினார்கள்.

டெபியனைச் சொருகினார்கள். நன்றாகத்தான் ஓடியது. ஆவுடையப்பன் ஒற்றை விரலால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடித்தார். உச்சியில் பிள்ளையார் சுழி, சாஸ்தா துணை, பிறகு பெரியவர்கள் பேர், முகூர்த்த நேரம், எல்லாம் கனகச்சிதம். கோமதிநாயகம் தன் பேரைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடையைச் சாத்தும்போது சொரிமுத்து, “பெரியவர் ரொம்ப உழைச்சிட்டார், படுக்கட்டும்,” என்று கம்ப்யூட்டரை அணைத்தார். மறுநாள் போட்டால் பத்திரிகை இல்லை.

“தாத்தாவுக்கு மறதி,” என்றார் கோமதிநாயகம். “வயசாயிட்டுல்லா.”

வயசான மனுஷரைக் குறை சொல்லி என்ன செய்ய? உபுண்டுவைச் சொருகினார்கள். ஆவுடையப்பன் மறுபடி காலையிலிருந்து சாயங்காலம் வரை அடித்தார். மறுபடி அணைத்தார்கள். மறுபடி போட்டார்கள். அங்கேயும் இல்லை.

“மகனுக்கும் மறதி,” என்றார் கோமதிநாயகம். “பரம்பரை வியாதி போலுக்கு.”

அப்போதுதான் பலவேசத்துக்கு ஜெபக்குமார் சொன்னது நினைவுக்கு வந்தது. அணைத்தால் போய்விடும் என்றானே! அப்படியென்றால் அணைக்காவிட்டால்? இதைக் கேட்டதும் மற்ற மூன்று பேரும் எழுந்தே நின்றுவிட்டார்கள். மிண்ட்டைச் சொருகி, ஆவுடையப்பன் மூன்றாம் தடவையாக அடித்து முடித்ததும், கல்யாணம் முடிகிற வரை இந்த மெஷினை யாரும் அணைக்கக் கூடாது என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார்கள்.

ஜெபக்குமாரிடம் போனில் சொன்னபோது அவன் பதறினான். “அண்ணாச்சி, எதுக்கு இந்தப் பாடு? இன்னொரு பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வச்சிருங்க!”

இருந்த மற்ற பென் டிரைவ்கள் மூன்று. தாத்தாவுக்கும் மகனுக்கும் மறதி. மூன்றாமவர் சம்பந்தி. சம்பந்தியைப் பிடித்து, ‘இந்தாரும், இதைச் சுமந்துகொண்டு நில்லும்’ என்றா சொல்ல முடியும்? “காப்பி தினமும் வைக்கோம்லா, இதுக்குமேல என்ன செய்ய?” என்று சொல்லிப் போனை வைத்தார் சொரிமுத்து.

அன்று மத்தியானம் திடீரென்று திரை இருண்டது. ஆவுடையப்பன் ‘ஐயோ எம் மகளே’ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவரைப் பிடிக்கப் பாய்ந்த பலவேசத்தின் முழங்கை மவுசில் இடித்தது. பத்திரிகை பளிச்சென்று திரும்ப வந்தது. அந்த நிமிஷத்திலிருந்து மவுசை ஆட்டிக்கொண்டே இருப்பது பலவேசத்தின் வேலையாயிற்று. இடது கையால் ஆட்டிக்கொண்டே வலது கையால் சாப்பிடுவார். அவர் கண்ணயரும்போது அவர் மனைவி வந்து ஆட்டுவாள்.

அச்சகத்துக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர், “கம்ப்யூட்டர்ல எப்படி இருக்கோ அப்படியே கொண்டாங்க, ஒரு எழுத்து மாறாம அடிச்சுத் தாரேன்,” என்றார். எப்படி இருக்கிறதோ அப்படியே என்றால் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரியே என்றுதானே அர்த்தம்? குட்டியானை வண்டியில் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் ஏற்றி, அதன் பக்கத்தில் கம்ப்யூட்டரைப் பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வைத்தார்கள். பலவேசம் சம்மணம் போட்டு உட்கார்ந்து மவுசை ஆட்டியபடி வந்தார்.

தெருமுனையில் அத்தை முறையாகும் வள்ளிமயில் வண்டியை மறித்தாள். “என்னய்யா இது, டிவியைத் தூக்கிட்டு ஊர்வலம் போறிய?”

“டிவி இல்ல அத்தை, உலகம்மை கல்யாணப் பத்திரிகை.”

வள்ளிமயில் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்தாள். “சந்தோஷம்யா. குடும்பத்தோட வந்துருதோம்,” என்று சொல்லி நடையைக் கட்டினாள்.

சொரிமுத்து வண்டியிலிருந்து மெல்ல இறங்கினார். முகத்தில் ஒரு வெளிச்சம். “ஏலே, அத்தை படிச்சிட்டா. வாரேன்னும் சொல்லிட்டா. பத்திரிகைக்கு வேற என்ன வேலை இருக்கு? எதுக்கு அச்சகம்?”

வண்டி அங்கேயே திரும்பியது. திரையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார்கள். மவுசுக்குக் குங்குமம் வைத்தார்கள். வீடு வீடாக இறக்கி, வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். தாம்பாளத்தைப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டவர்கள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் வாங்கிய வேகத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

குற்றாலலிங்கத்தின் வீட்டில்தான் ஆவுடையப்பன் தாம்பாளத்தை நீட்டிவிட்டுச் சாமி பேரை முணுமுணுக்க ஆரம்பித்தார். அவர் திரைக்கு அருகே குனிந்து, தன் பேரையும் ‘ஓய்வு பெற்ற நிலைய அதிகாரி’ என்பதையும் படித்தார். முகூர்த்த நேரத்தின்மேல் விரலை வைத்து, “ஒன்பதுல இருந்து பத்தரை. கரெக்ட்,” என்றார். விரலில் ஒட்டிய மஞ்சளை நெற்றியில் இட்டுக்கொண்டார். ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆவணி பிறந்தது. ஜெபக்குமார் போன் போட்டு இன்ஸ்டால் பண்ண வரவா என்று கேட்டான். அதற்கு மெஷினை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும் என்றான். மறுமுனையில் நாலு பேரும் ஒரே குரலில் அவனைத் திட்டினார்கள். அவன் கல்யாணத்துக்கே வரவில்லை.

கல்யாண நாள் வந்தது. மண்டபத்து மேடையில் குத்துவிளக்கு, அதற்கடுத்து நெல் நிரப்பிய நிறைநாழி, அதற்கடுத்துக் கம்ப்யூட்டர். புது வேட்டி கட்டிய பலவேசம் மவுசோடு உட்கார்ந்திருந்தார். தாம்பாளத்தில் ஃபெடோரா வந்து முன்வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் மணவறையில் அமர்ந்தார்கள். தாலியைத் தட்டில் வைத்து எல்லாரிடமும் ஆசி வாங்கினார்கள். சாஸ்திரிகள் மேளக்காரரைப் பார்த்தார்.

“நிறுத்துங்க!” என்றார் பலவேசம். “இதுல மணி மூணு முப்பத்தஞ்சுதான ஆகுது?”

எல்லாரும் பார்த்தார்கள். திரையின் மூலையில் கடிகாரம் மூன்று மணி முப்பத்தைந்து நிமிஷம் என்று காட்டியது. மண்டபத்துச் சுவர்க் கடிகாரமோ ஒன்பது ஐந்து என்றது. லினக்ஸ்மேல் ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் இருப்பது எந்த ஊர் என்று அது முதல் நாளே கேட்டது. ஊர்ப்பேரைக் கேட்கிறவனிடம் உடனே சொல்லிவிடக் கூடாது என்று சொரிமுத்துதான் தடுத்துவிட்டார். அதனால் அது பாட்டுக்கு லண்டன் பக்கத்துக் கிரீன்விச் நேரத்தை வைத்துக்கொண்டு ஓடியது.

“சுவத்துல ஒன்பது தாண்டிட்டே,” என்றார் சாஸ்திரிகள்.

சொரிமுத்து கையை உயர்த்தினார். “பத்திரிகை எதுல இருக்கு? கம்ப்யூட்டர்ல. அதுல எழுதுன ஒன்பது மணி எந்த ஒன்பது மணி? கம்ப்யூட்டரோட ஒன்பது மணி. சுவத்துக் கடிகாரத்துலயா பத்திரிகை அடிச்சோம்?”

யாரும் கொட்டிவிடாதபடி கோமதிநாயகம் மேளத்தின்மேல் போய்ப் படுத்துக்கொண்டார். ஆவுடையப்பனுக்கு அண்ணாச்சி சொல்வதும் நியாயமாகப் பட்டது. ஆனால் சம்பந்தி எழுந்து மேடையை நோக்கி வந்ததைப் பார்த்ததும் மகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். போச்சு, பையனைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார், உலகம்மை வாழ்க்கை போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டார்.

குற்றாலலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரும்பக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஸ்டேஷன்ல எந்தக் கடிகாரம் தொங்குதோ அதான் நேரம்,” என்றார் கடைசியில். “பயணி கையில கட்டியிருக்கிறது நேரம் ஆகாது. சர்வீஸ்ல இதையேதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். எனக்கு மட்டும் தனிச் சட்டமா?”

கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். “அனைவரின் கவனத்துக்கு. காலை ஒன்பது மணிக்கு நடைபெற வேண்டிய கல்யாணம் ஐந்தரை மணி நேரம் தாமதமாக நடைபெறும். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

ஆவுடையப்பனுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

ஜனங்கள் காலைப் பலகாரம் சாப்பிட்டார்கள். மணமக்கள் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜனங்கள் கதை பேசினார்கள், மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டார்கள். “அப்பா, எனக்குப் பசிக்கு,” என்றாள் உலகம்மை. “கம்ப்யூட்டர்ல இப்பத்தான் விடியுது தாயி, அதுக்குள்ள பசியா?” என்றார் ஆவுடையப்பன்.

சுவர்க் கடிகாரம் இரண்டரையைக் காட்டியபோது திரையில் ஒன்பது ஆனது. குற்றாலலிங்கம் பச்சைக் கைக்குட்டையை எடுத்து ஆட்டினார். கெட்டிமேளம் முழங்கியது, தாலி ஏறியது. ஆவுடையப்பன் குலுங்கிக் குலுங்கி அழுதார். எத்தனை நாள் பயம், எல்லாம் கண்ணீராக இறங்கியது. பலவேசமும் அழுதபடியே இரண்டு கையாலும் அட்சதையை அள்ளி வீசினார்.

இரண்டு கையாலும் வீசினால் மவுசை யார் ஆட்டுவது?

ஆளாளுக்கு வாழ்த்திக்கொண்டிருந்த நேரத்தில் திரை இருண்டது. “தூங்கிட்டு, எழுப்புங்க!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்த கோமதிநாயகம், இருந்ததிலேயே பெரிய பொத்தானாகப் பார்த்து அழுத்திப் பிடித்தார். இத்தனை நாளாக ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த விசிறிச் சத்தம் நின்றது.

திரும்பப் போட்டார்கள். மிண்ட் புதுசாகக் குளித்துவிட்டு வந்ததுபோலப் பளிச்சென்று நின்றது. பத்திரிகை இல்லை.

“பேரனுக்கும் அந்த வியாதி இருக்கு,” என்றார் கோமதிநாயகம்.

சொரிமுத்து கூட்டத்தைப் பார்த்தார். “இப்ப பத்திரிகை இல்ல. பத்திரிகை இல்லேன்னா நாங்க யாரையும் கூப்பிடலேன்னுதான அர்த்தம்? அப்ப நீங்கள்லாம் எப்படி வந்திய?”

வள்ளிமயில் கையிலிருந்த பாயச டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். இரண்டு வேளை சாப்பிட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குற்றாலலிங்கத்தின் முகம் வெளுத்துவிட்டது.

“டிக்கெட் இல்லாத பயணம்,” என்றார் கன்னத்தில் போட்டுக்கொண்டு. “இதுக்காக எத்தனை பேரை நான் இறக்கிவிட்டிருப்பேன்! சம்பந்தி, என்னை மன்னிச்சிருங்க. எல்லாரும் இறங்குங்க!”

எல்லாரும் இறங்கினார்கள். மண்டபத்துக்கு வெளியே வெயிலில் ஊரே வரிசையாக நின்றது. கூப்பிடாத இடத்தில் தாலி கட்டிவிட்டோமே என்ற வெட்கத்தில் மாப்பிள்ளையும் மாலையோடு போய் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டார். உள்ளே மிஞ்சியது நாலு பங்காளிகளும் உலகம்மையும் முன்வரிசையில் ஃபெடோராவும்தான்.

ஆவுடையப்பன் வாசலுக்கு ஓடிக் கைகூப்பினார். “வாங்க, எல்லாரும் உள்ள வாங்க!”

“வாயால கூப்பிட்டா செல்லாது சம்பந்தி,” என்றார் குற்றாலலிங்கம் வெயிலில் நின்றபடி. “எழுத்துல வேணும். நீங்க காட்டுங்க, நாங்க வாரோம்.”

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பலவேசம் மவுசைப் பிடித்தார். ஒற்றை விரல் எழுத்துத் தேடிப் புறப்பட்டது. உலகம்மை கழுத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டு அப்பா தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“அப்பா, அவங்களையாவது முதல்ல உள்ள கூப்பிடுங்கப்பா. வெயில்ல நிக்காங்க.”

“பொறு தாயி,” என்றார் ஆவுடையப்பன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இப்பத்தான் பிள்ளையார் சுழி போட்டிருக்கேன். மாப்பிள்ளை பேரு கீழ பத்தாவது வரியிலதான வருது.”